ரூட்டின் பெயருக்கு வரும் கடிதம்

(திருத்தணியில், பள்ளி கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களும் மாணவர்களும் கடைகளுக்குக் கணினி அமைத்துத் தருபவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் மேடை ஏறுகிறவர்கள் முருகனைப் பற்றிப் பேசுவார்கள், ம.பொ.சி.யைப் பற்றிப் பேசுவார்கள், டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, லினக்ஸ் கணினி தன் நிர்வாகிக்கு எழுதும் கடிதங்கள். கணினி எதற்காகக் கடிதம் எழுத வேண்டும் என்று உங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான். அதிலேயே தொடங்குகிறேன்.

ஒரு கணினியில் ஆள் உட்கார்ந்து செய்யும் வேலை ஒரு பங்குதான். இரவு இரண்டு மணிக்குப் பேக்கப் எடுப்பது, பழைய லாக் கோப்புகளைச் சுருட்டி ஓரமாக வைப்பது, வன்தட்டின் உடல்நலத்தைச் சோதிப்பது, பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கி நிறுவுவது எல்லாம் ஆளில்லாமல் நடக்கின்றன. ஆளில்லாத நேரத்தில் ஒன்று பிசகினால் அதைத் திரையில் எழுதி என்ன பயன்? பார்க்க யாரும் இல்லை. அதனால் கணினி அதை ஒரு மடலாக எழுதி நிர்வாகியின் பெட்டியில் போட்டுவிடுகிறது. லினக்ஸில் அந்த நிர்வாகிக் கணக்கின் பெயர் ரூட்.

இது இணையத்துக்கு முந்திய பழக்கம். 1971இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மெயில் என்ற கட்டளை இருக்கிறது. ஒரே கணினியைப் பலர் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. ஒருவர் எழுதி வைப்பதை அடுத்தவர் வந்து உட்காரும்போது படிப்பார். ஊர்விட்டு ஊர் போக வேண்டிய தேவை அந்த மடலுக்கு இல்லை. இன்றைக்கும் உங்கள் லினக்ஸ் கணினிக்குள் அந்த உள்ளூர்த் தபால் அப்படியே இருக்கிறது. கறுப்புத் திரையில் நுழைந்ததும் ‘யூ ஹேவ் மெயில்’ என்று ஒரு வரி வரும். ஜிமெயிலில் ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஜிமெயிலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நமக்கு லினக்ஸ் தூரத்து விஷயம் அல்ல. சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. 2011 செப்டம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடக்கி வைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். பரவாயில்லை. ஆனால் ஆய்வகத்தில் ஒரு லினக்ஸ் சர்வரை ஓட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு அது கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறது.

எங்கே இருக்கிறது அந்தக் கடிதம்? வார் என்ற அடைவுக்குள் மெயில் என்ற அடைவு. அதற்குள் ரூட் என்ற பெயரில் ஒரே ஒரு கோப்பு. பத்து மடல் வந்தாலும் பத்தாயிரம் வந்தாலும் அந்த ஒரு கோப்பிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்படும். ‘ஃப்ரம்’ என்ற சொல்லோடு தொடங்கும் வரியைப் பார்த்துத்தான் இங்கே அடுத்த மடல் ஆரம்பம் என்று மென்பொருள் புரிந்துகொள்கிறது. மடலின் உள்ளேயே யாராவது ‘ஃப்ரம்’ என்று ஒரு வரியைத் தொடங்கிவிட்டால் குழப்பம்தானே? அதற்காக அந்த வரிக்கு முன்னால் ஒரு கோணக்குறியைச் சேர்த்துவிடுவார்கள். பழைய மின்னஞ்சல்களில் காரணமில்லாமல் ஒரு கோணக்குறி நிற்பதைப் பார்த்திருந்தால், அதன் கதை இதுதான்.

படிப்பது எளிது. மெயில் என்று தட்டினால் பட்டியல் வரும், எண்ணைத் தட்டினால் மடல் விரியும், ‘டி’ அழிக்கும், ‘க்யூ’ வெளியே கொண்டுவரும். இதில் ஒரு பொறி உண்டு. ‘க்யூ’ கொடுத்து வெளியே வந்தால், நீங்கள் படித்து முடித்த மடல்கள் பெட்டியிலிருந்து கிளம்பி, உங்கள் சொந்த அடைவில் எம்பாக்ஸ் என்ற கோப்புக்குப் போய்விடும். மறுநாள் திறந்தால் பெட்டி காலி. மடல் தொலைந்தது என்று தேடுவார்கள். தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் ‘எக்ஸ்’ கொடுங்கள். இந்தக் கட்டளையெல்லாம் பிடிக்காதவர்களுக்கு மட் என்ற நிரல் இருக்கிறது. அம்புக்குறியில் மேலும் கீழும் போகலாம்.

என்னவெல்லாம் எழுதுகிறது? பெரும்பாலும் கிரான் எழுதுவது. குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்கிவைக்கும் நிரல் அது. இன்று பல லினக்ஸ்களில் ஓடுவது பால் விக்ஸி 1987இல் எழுதியதன் வழிவந்தது. அதன் சட்டம் ஒன்றே ஒன்று. வேலை வாய் திறக்காமல் முடிந்தால் கடிதம் இல்லை. ஒரு வரி எழுதினாலும் அதைக் கடிதமாக்கி அனுப்பிவிடும். அடுத்தது ஸ்மார்ட்-டி. வன்தட்டில் படிக்க முடியாத பகுதிகள் தென்படத் தொடங்கியதும் எச்சரிக்கும். இரண்டு தட்டுகளை ஒன்றுக்கொன்று நகலாக இணைத்து வைத்திருந்தால் எம்டிஏடிஎம் என்ற நிரல் காவல் காக்கும். ஒரு தட்டு செத்தால் அன்றே மடல் வரும். கணினியோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் மற்றத் தட்டு தாங்குகிறது. மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அந்த மடலைப் படிக்காதவருக்கு முதல் தட்டு செத்த செய்தி, இரண்டாவது தட்டும் செத்த அன்றுதான் தெரியவரும். என்னைக் கேட்டால், ரூட்டின் பெட்டியில் வரும் மடல்களிலேயே விலை மதிப்புள்ளது இந்த ஒன்றுதான்.

மாணவர்கள் சிலர் சூடோ கட்டளையை அனுமதி இல்லாமல் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். ‘இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் வரும். யாரிடம் புகார்? எக்ஸ்கேசிடி என்ற இணையக் கேலிச்சித்திரத்தில் அது கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் போவதாக வரைந்திருந்தார்கள். உண்மையில் அது ரூட்டின் பெட்டிக்குப் போகிறது. அஞ்சல் மென்பொருளே இல்லாத கணினிகளில் அது எங்குமே போகவில்லை; மிரட்டல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிற்காலப் பதிப்புகளில், மடல் உண்மையாகவே அனுப்பப்படும்போதுதான் அந்த வரி வரும்படி திருத்திவிட்டார்கள். நேர்மையான திருத்தம்.

சரி, தினமும் ரூட்டாக நுழைந்து இதைப் படிக்க வேண்டுமா? வேண்டாம். படிக்கவும் கூடாது. மடல் என்பது வெளியிலிருந்து வரும் எழுத்து. எவரோ எழுதியதை, எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில் இருந்துகொண்டு திறப்பது புத்திசாலித்தனம் இல்லை. இதை அஞ்சல் மென்பொருள் எழுதியவர்களே உணர்ந்திருந்தார்கள். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய க்யூமெயில், ரூட்டின் பெட்டியில் மடல் போடவே மறுத்துவிடும். வேறு ஒருவர் பெயரைச் சொல் என்று கேட்கும். ஆகவே ரூட்டுக்கு வருவதை ஒரு மனிதருக்குத் திருப்பிவிட வேண்டும்.

திருப்பிவிடும் இடம் ஈடிசி அடைவில் உள்ள அலையஸஸ் என்ற சிறிய கோப்பு. ரூட், ஒரு முக்காற்புள்ளி, பிறகு போய்ச் சேர வேண்டிய பெயர் அல்லது முகவரி. அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இருந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. மலை நகரவில்லை, ரயில் நிலையம் நகரவில்லை. ஆனால் அதுவரை சித்தூர் மாவட்ட ஆட்சியருக்குப் போன மனு அன்று முதல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்குப் போனது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபின் இன்னொரு முறை திசை மாறியது. மனு எழுதியவர் என்னவோ ‘ஆட்சியர் அவர்களுக்கு’ என்றுதான் எழுதினார். எந்த ஆட்சியர் என்பதை அரசிதழ் தீர்மானித்தது. அலையஸஸ் கோப்பு அந்த அரசிதழ். கிரானும் ஸ்மார்ட்-டியும் காலமெல்லாம் ரூட்டுக்கே எழுதிக்கொண்டிருக்கும். அவற்றைத் தொட வேண்டியதில்லை. ஆணை எழுதினால் போதாது, வெளியிடவும் வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருள்கள் இரண்டிலும் கோப்பைத் திருத்திவிட்டு நியூஅலையஸஸ் என்ற கட்டளையை ஓட்டினால்தான் திருத்தம் செல்லும். எக்ஸிம் என்ற இன்னொன்றில் இந்தத் தொல்லை இல்லை.

தனிப்பட்ட பயனர் தனக்கு வருவதை மட்டும் திருப்ப, தன் அடைவில் ஃபார்வர்ட் என்ற பெயரில் ஒரு மறைகோப்பை வைத்துக்கொள்ளலாம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் மற்றவர்கள் எழுத முடிகிற நிலை இருந்தால் அஞ்சல் மென்பொருள் அதை நம்பாது. நியாயம்தானே, உங்கள் தபாலை எங்கே அனுப்புவது என்று பக்கத்து மேசைக்காரர் எழுதக்கூடாது.

இதுவரை சொன்னது கணினிக்கு உள்ளே. வெளியே அனுப்பத் தொடங்கினால் கதை வேறு.

உங்கள் ஆய்வகக் கணினி நேராக ஜிமெயிலின் வாசலில் போய் நின்று, ‘நான் ரூட், லோக்கல்ஹோஸ்டிலிருந்து வருகிறேன்’ என்றால் உள்ளே விடமாட்டார்கள். முதலில், வீட்டுக்கும் கடைக்கும் கொடுக்கும் இணைப்புகளில் 25ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன, எரிதம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து. அதைத் தாண்டினாலும் அனுப்புகிறவர் யார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு எழுதும் எந்தக் களப்பெயரும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கிவிட்டது. எனவே உங்கள் கணினி ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள ஓர் அஞ்சல் சர்வரிடம், 587ஆம் போர்ட் வழியாக, கடவுச்சொல் சொல்லி மடலை ஒப்படைக்க வேண்டும். எம்எஸ்எம்டிபி, நல்மெய்லர் போன்ற சிறிய நிரல்கள் இதற்கென்றே இருக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸிலும் செய்யலாம். அந்தக் கடவுச்சொல் கணினியில் ஒரு கோப்பில் கிடக்கப்போகிறது என்பதை மறக்காதீர்கள். உங்கள் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அங்கே வைக்காதீர்கள். அனுப்புவதற்கென்றே தனிக் கணக்கு திறந்து, அதற்குச் செயலிக் கடவுச்சொல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏதோ சின்ன ஊர்ச் சின்னக் கணினியின் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். கிட்லேப் என்ற நிறுவனத்தை மென்பொருள் படிக்கும் மாணவர்கள் அறிவீர்கள். உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இடம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர், இரண்டாவது தரவுத்தள சர்வரில் அழிக்க வேண்டிய அடைவை, முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஒன்றிரண்டு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியது. களைத்துப்போன மனிதர் நள்ளிரவில் செய்கிற பிழைதான். அதற்காக யாரையும் தூக்கில் போட முடியாது. பேக்கப் இருக்கிறதே, எடுத்துப் போட்டுவிடலாம் என்று போனார்கள். பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி.

ஏன் காலி? தினமும் பேக்கப் எடுக்கும் நிரல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.2 பதிப்பைச் சேர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளமோ 9.6. பதிப்பு பொருந்தவில்லை என்று நிரல் ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றுவிட்டது. கிரான் தன் கடமையைச் செய்தது. தோல்வியை மடலாக்கி அனுப்பியது. நிறுவனத்தின் களப்பெயருக்கோ டிமார்க் சோதனை வைத்திருந்தார்கள்; கிரானின் மடல்கள் அந்தச் சோதனைக்கு ஏற்றபடி அமைக்கப்படவில்லை. பெறுகிற சர்வர் அவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. பேக்கப் தோற்றுக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து விதமான நகல் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றுகூட நம்பும் நிலையில் இல்லை என்று அவர்களே எழுதினார்கள். ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்திருந்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், நடந்ததை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்கள். நாம் இன்று இதைப் பேச முடிவது அதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எச்சரிக்கை எழுதப்பட்டது. அனுப்பவும் பட்டது. அனுப்பியவருக்கும் படிக்க வேண்டியவருக்கும் நடுவில் மட்டும் அறுந்திருந்தது. பொதுவாக ஒரு மடல் திருப்பப்பட்டால், திருப்பப்பட்ட செய்தி அனுப்பியவருக்கே போகும். அனுப்பியவர் யார்? ரூட். ரூட்டின் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்பதற்காகத்தானே வெளியே அனுப்பத் தொடங்கினோம்! இந்தச் சுழலைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பாருங்கள். நான் இங்கே வந்தது இதைச் சொல்லத்தான். கிரானின் சட்டப்படி, கடிதம் வராவிட்டால் எல்லாம் நலம். ஆனால் கடிதப் பாதையே அடைபட்டிருந்தாலும் கடிதம் வராது. இந்த இரண்டு மௌனங்களும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

அப்படியானால் தினமும் ‘நலம்’ என்றும் எழுதச் சொல்லலாமா? செய்து பார்த்தவர்கள் உண்டு. திருத்தணி மலைக்கு 365 படி. வள்ளிமலை சுவாமிகள் 1917இல் தொடங்கிவைத்த படித்திருவிழாவில், டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். பக்தியில் 365 படியும் ஏறலாம். ‘பேக்கப் நலம்’ என்ற ஒரே மடலை ஆண்டுக்கு 365 முறை எந்த மனிதரும் படிக்கமாட்டார். பத்தாம் நாள் அதைத் தனி அடைவுக்குத் தள்ள ஒரு வடிகட்டி போடுவார். அப்புறம் தோல்வி மடலும் அந்த அடைவுக்குள்ளேயே போய் விழும்.

நலச்செய்தியை மனிதருக்கு அனுப்பாதீர்கள், இன்னொரு கணினிக்கு அனுப்புங்கள். பேக்கப் முடிந்ததும் வேறோர் இடத்துக்கு ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால், அந்த இரண்டாவது கணினி உங்களை எழுப்பட்டும். மௌனத்தை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பதில் மனிதருக்குச் சலிப்பு வரும், கணினிக்கு வராது. ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் பள்ளிக்கு இது அதிகம் என்று தோன்றினால், வாரம் ஒரு மடல் போதும்: திங்கள் காலை, தட்டில் எவ்வளவு இடம் மிச்சம், கடைசிப் பேக்கப்பின் தேதி என்ன, அதன் அளவு என்ன. திங்கள் காலை மடல் வரவில்லை என்றால் எழுந்து போய்ப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம். கடிதம் அதிகம் வருகிறது என்று, கிரான் வரியின் கடைசியில் எல்லா வெளியீட்டையும், எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் தள்ளிவிடுவது. எங்கிருந்தோ வெட்டி ஒட்டும் வரிகளிலெல்லாம் இந்த வால் சேர்ந்தே வருகிறது. பிழைச்செய்தியும் அதோடு போய்ச் சேர்ந்துவிடும். சாதாரணப் பேச்சை மட்டும் அங்கே தள்ளுங்கள். பிழையின் வாயை அடைக்காதீர்கள்.

பெட்டியைத் திறக்காமலே விட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு பெட்டிக்கு இயல்பான உச்சவரம்பு 5 கோடியே 12 லட்சம் பைட், அதாவது 50 எம்பி அளவு. அது நிரம்பினால் புது மடல் உள்ளே போகாது. வார் அடைவு இருக்கும் தட்டே நிரம்பிவிட்டால் இன்னும் வேடிக்கை: ‘தட்டு நிரம்பிவிட்டது’ என்று எழுதவும் அங்கே இடம் இருக்காது.

புதிய லினக்ஸ்களில் அஞ்சல் மென்பொருளே இல்லையே என்று சிலர் கேட்பீர்கள். உண்மை. 2013 இறுதியில் வந்த ஃபெடோரா 20 முதல் சென்ட்மெயிலைத் தானாக நிறுவுவதை விட்டுவிட்டார்கள். உபுண்டுவும் அதைச் சேர்த்துத் தருவதில்லை. பல வேலைகளில் கிரானுக்குப் பதில் சிஸ்டம்-டி என்ற மென்பொருளின் டைமர்கள் வந்துவிட்டன. அவை எதையும் மடலாக்காது, ஜர்னல் என்ற பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போய்விடும். தோற்றால் இன்னதைச் செய் என்று நீங்கள்தான் சொல்லிவைக்க வேண்டும். பழைய ஏற்பாடு, கேட்காமலே கடிதம் எழுதியது. புதியது, கேட்டால்தான் சொல்கிறது. எது மேல் என்றால், நான் பழையதன் கட்சி.

வாட்ஸாப்பில் வரவைக்கலாமே என்றால், டெலகிராமில் ஒரு பாட் அமைப்பது அதைவிட எளிது, பலர் செய்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நிற்பவருக்கும் பையில் போன் அதிரும். தப்பில்லை. ஆனால் இந்த மடல்களில் பயனர் பெயர்கள், கோப்புகள் இருக்கும் இடங்கள், சர்வரின் பெயர் எல்லாம் இருக்கும். அரசு அலுவலகம், கூட்டுறவு வங்கி போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் மேலிடத்தைக் கேட்காமல் தனியார் சேவைக்குத் திருப்பிவிட வேண்டாம்.

அதோடு சேர்த்து இன்னொன்று. ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு மாற்றல் வரும். ரூட்டின் மடல் உங்கள் சொந்த ஜிமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தால், நீங்கள் நெல்லையில் பணியில் சேர்ந்த பிறகும் இங்குள்ள தட்டு உங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கும். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எதுவும் தெரியாது. ஆளின் பெயரில் இல்லாமல் பொறுப்பின் பெயரில் ஒரு முகவரி வையுங்கள், அது குறைந்தது இரண்டு பேருக்குப் போகட்டும். சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு இவற்றோடு அலையஸஸ் கோப்பின் ஒரு வரியையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

இன்றைக்குப் போனதும் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். இல்லாத ஒரு கட்டளையின் பெயரைக் கிரானில் எழுதி, ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி வையுங்கள். அது தோற்கும். மடல் உங்கள் போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். எரிதப் பெட்டியிலும் பாருங்கள். வரவில்லை என்றால் மெயில்-க்யூ என்று தட்டுங்கள். அனுப்ப முடியாமல் தேங்கி நிற்கும் மடல்களும் ஒவ்வொன்றுக்கும் அடியில் காரணமும் வரும். அந்தக் காரண வரியை அப்படியே எழுதிக் கொண்டு வந்தால், நாளைக் காலைப் பயிற்சியில் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்யலாம்.